சோலார் போடுமுன் யூனிட் கணக்கைப் பாருங்கள்

நமது உறுப்பினர்கள் பலருடைய வீட்டு மாடியில் இப்போது சோலார் பலகைகளைக் காண்கிறோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் கிடைப்பதே காரணம். நல்ல காரியம்தான். ஆனால் விற்க வருகிறவர் "இனி கரண்ட் பில்லே வராது" என்றதும் முன்பணம் நீட்டுவதை நாம் ஒப்ப முடியவில்லை. மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டை துவரம்பருப்பு இறக்குவோமா?

ஓராண்டுக்கான ஆறு மின் பட்டியல்களையும் எடுத்து வைத்து, ரூபாயை விட்டு யூனிட்டைப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட், நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்குச் சுமார் 240. தமிழகத்தில் வீட்டு இணைப்பு இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் விலை கூடிவிடுகிறது. 700 யூனிட் ஓடும் வீட்டை 1 கிலோவாட்டே 500க்குள் இறக்கிவிடும். 200 யூனிட் ஓடும் வீட்டிலோ 100 இலவசம் போக மீதிக்கு வருவது சொற்பத் தொகை. அந்த முதலைச் சரக்கில் போடுவதே மேல்.

கடை இணைப்பின் கணக்கு வேறு. வீட்டுக்கு, பகலில் வாரிய லைனுக்குப் போன யூனிட்டை இரவில் எடுத்த யூனிட்டில் கழித்துக்கொள்கிறார்கள். கடைக்கு இந்த மானியமும் இல்லை; மிஞ்சிய மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் வைத்த குறைந்த விலையே வரவு. ஆகவே பகலில் பிரிட்ஜும் விசிறியும் எவ்வளவு இழுக்குமோ அந்த அளவுக்கு மட்டும் போடலாம். வாராந்திர விடுமுறையன்று உற்பத்தியாவது முழுதும் அந்தக் குறைந்த விலைக்கே போகும் என்பதையும் மறக்கலாகாது. கீழே கடை, மேலே வீடு என்றிருப்பவர்கள் எந்த மீட்டரில் சேர்க்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்வது நலம்.

பலர் அறியாத ஒன்று. பேட்டரி இல்லாத சாதாரண கிரிட் இன்வெர்ட்டர், மின்தடையின்போது தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியர் மீது நம் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. நட்டநடு வெயிலிலும் ஐஸ்கிரீம் பெட்டி ஓடாது! மின்தடைக்கு என்று வாங்குகிறவர்கள் பேட்டரிச் செலவையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

மானியம், வேலை முடிந்து மீட்டர் வைத்த பிறகே வங்கிக் கணக்கில் வரும். அதுவரை முழுத் தொகைக்கும் நாமே வழி பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத இடமாக, கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். மிளகாய் மண்டி, மாவு மில் பக்கத்தில் இருப்பவர்கள் தூசியைத் துடைக்க ஏணியும் ஆளும் வைத்துக்கொள்க. பலகைக்கு 25 ஆண்டு என்று சொல்லும் உத்தரவாதம் இன்வெர்ட்டருக்குச் சேராது. அதற்கு எத்தனை ஆண்டு என்று எழுத்தில் வாங்குங்கள்.

போட்டு ஓராண்டு ஆன உறுப்பினர்கள் முன்னும் பின்னும் வந்த பட்டியல்களைச் சங்க அலுவலகத்தில் காட்டினால், இனி வாங்க இருப்பவர்களுக்கு உதவியாக யூனிட் கணக்கை இங்கே வெளியிடலாம்.