பணம் வரலாம், வாக்கு வரக்கூடாதா?

காத்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையத்தில், புறப்பாட்டு வாசலுக்கு வெளியே எந்த நாளில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நெற்றி நிறையச் சிவப்பு டீகா, கழுத்தில் சாமந்தி மாலை, கையில் பாஸ்போர்ட்டும் வேலை ஒப்பந்தமும் வைத்த பிளாஸ்டிக் உறை. வழியனுப்ப வந்த தாய் கண்ணைத் துடைத்தபடி நிற்பார். மாலையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு மகன் வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்வான். போகுமிடம் தோஹாவோ ரியாதோ கோலாலம்பூரோ. திரும்பி வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

அந்த வாசலைத் தாண்டியவருக்கு நாட்டோடு ஒரே ஓர் உறவுதான் மிச்சம் என்று நேபாளத்தில் பலரும் நம்புகிறார்கள்: மாதம் தவறாமல் பணம் அனுப்புவது. ஆட்சியை யார் நடத்துவது, எப்படி நடத்துவது என்பதெல்லாம் ஊரில் இருப்பவர்கள் பாடு. போனவருக்கு அதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். கட்சிக்காரர்கள் இதை நாசூக்காகச் சொல்கிறார்கள். அதிகாரிகள் நடைமுறைச் சிக்கல் என்கிறார்கள். டீக்கடையில் உடைத்தே பேசுகிறார்கள். எப்படிச் சொன்னாலும் கருத்து ஒன்றுதான். அது வரலாற்றைப் பார்த்தால் பொய். இன்றைய நிலையைப் பார்த்தால் அநீதி.

முதலில் எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நேபாளத்தின் மக்கள்தொகை 2 கோடியே 91 லட்சம். வெளிநாட்டில் இருப்பதாக வீட்டார் சொன்னவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். 2023-24 நிதியாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி நேபாள ரூபாய்க்கும் அதிகம். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இத்தனை பேரை அரசியலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் அனுப்பும் பணத்தில் வரவுசெலவுத் திட்டம் போடுகிறது ஒரு குடியரசு.

வெளிநாட்டுக்குப் போனவருக்கு அரசியல் எதற்கு என்று கேட்கும் கட்சிகள் தாங்கள் பிறந்த ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். நேபாளி தேசிய காங்கிரஸ் 1947 ஜனவரியில் தொடங்கப்பட்டது கல்கத்தாவின் பவானிபூரில். அது நேபாள ஜனநாயகக் காங்கிரஸுடன் இணைந்து இன்றைய நேபாளி காங்கிரஸ் ஆனது 1950-ல், அதே கல்கத்தாவில். புஷ்பலால் ஸ்ரேஷ்டாவும் தோழர்களும் நேபாளக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியது 1949-ல், அதுவும் கல்கத்தாவில்தான். இன்று காத்மாண்டுவில் இருக்கும் கம்யூனிஸ்ட் கட்சிகள் எத்தனை துண்டாகப் பிரிந்திருந்தாலும் எல்லாமே அந்த ஒரு வேரிலிருந்து முளைத்தவை. அப்போது நேபாளத்தை ஆண்ட ராணா பரம்பரையின் காலத்தில் காத்மாண்டுவில் வாயைத் திறந்தால் சிறை, சில சமயம் தூக்கு. ஆகவே பனாரஸில் படித்த மாணவர்களும் கல்கத்தாவில் பிழைத்தவர்களும் தேராதூனில் குடியேறிய முன்னாள் சிப்பாய்களும் பத்திரிகை நடத்தினார்கள், கூட்டம் போட்டார்கள், பணம் திரட்டினார்கள். பனாரஸில் ‘கோர்க்காலி’ வார இதழும், 1926-ல் தேராதூனில் ‘கோர்க்கா சன்சார்’ இதழும் வந்தன. நேபாளத்தின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் பி.பி.கொய்ராலா பிறந்ததே பனாரஸில். 1951-ல் ராணா ஆட்சி வீழ்ந்ததில் வெளியே இருந்த இந்த நேபாளிகளின் கை இருந்தது. 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் மன்னருக்கு எதிராக 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்ததும் டெல்லியில் வைத்துத்தான்.

வெளியே இருந்துகொண்டு நாட்டைப் பற்றிப் பேசும் உரிமை அன்று தலைவர்களுக்கு இருந்தது என்றால், இன்று தோஹாவில் கம்பி கட்டும் தொழிலாளிக்கு இல்லாமல் போனது எப்படி?

போனவருக்கு அரசியலில் வேலை இல்லை என்ற நம்பிக்கைக்கு இன்னொரு கிளையும் உண்டு. வெளிநாட்டு நேபாளிகள் சங்கம் வைப்பதெல்லாம் தசைன் பண்டிகை விருந்துக்கும் மேடையில் மாலை வாங்கிக்கொள்வதற்கும்தான் என்று கேலி பேசுவார்கள். பேசுகிறவர்கள் சியோலில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1995 ஜனவரி. கொரியாவின் எலும்பை உறைய வைக்கும் குளிர். நகரின் நடுவே மியோங்டாங் பேராலய வளாகத்தில் 13 நேபாளி இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். தங்களைத் தாங்களே இரும்புச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். அவர்கள் ‘தொழிற்பயிற்சி பெறுவோர்’ என்ற பெயரில் கொரியாவுக்கு அழைத்து வரப்பட்டவர்கள். செய்தது முழு நேர ஆலை வேலை. ஆனால் ஏட்டில் அவர்கள் தொழிலாளர் இல்லை என்பதால் தொழிலாளர் சட்டம் அவர்களைக் காக்கவில்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. கூலி நிறுத்தி வைக்கப்பட்டது. அடியும் விழுந்தது. நாங்கள் அடிமைகள் இல்லை, எங்களை அடிக்காதீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தச் சங்கிலி கொரிய மக்களின் மனசாட்சியை உலுக்கியது. சில வாரங்களில் பயிற்சியாளர்களின் பாதுகாப்புக்கென அரசு விதிமுறைகளை வெளியிட்டது. அன்று தொடங்கிய விவாதம்தான் 2004-ல் வெளிநாட்டுத் தொழிலாளரைத் தொழிலாளர் என்றே ஏற்கும் வேலை அனுமதி முறையில் வந்து நின்றது. 2005-ல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தொடங்கிய தொழிற்சங்கத்தை அரசு பதிவு செய்ய மறுத்தது. பத்தாண்டு வழக்குக்குப் பின், 2015 ஜூனில், விசா இல்லாதவருக்கும் சங்கத்தில் சேர உரிமை உண்டு என்று கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சங்கத்துக்குப் பின்னாளில் தலைமை ஏற்ற உதய ராய் ஒரு நேபாளி.

இன்று நேபாளத்தில் கொரிய மொழித் தேர்வுக்கு விண்ணப்பிக்க இளைஞர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். அவர்கள் எட்டிப் பிடிக்கத் துடிக்கும் வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததில், தங்கள் உடம்பையே சங்கிலியில் பூட்டிக்கொண்ட அந்த 13 பேருக்குப் பங்கு உண்டு. இதற்கு விருந்து என்றா பெயர்?

பிரிட்டனில் கூர்க்கா படைவீரர்கள் நடத்திய போராட்டமும் அப்படித்தான். 1997-க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்கு அந்நாட்டில் குடியேறும் உரிமை இல்லாதிருந்தது. 2008 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு வெளியே திரண்ட முன்னாள் வீரர்கள், தங்கள் நீண்டகாலச் சேவைப் பதக்கங்களைக் கழற்றி லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக்கின் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு சிப்பாய்க்கு நெஞ்சில் இருக்கும் பதக்கம் எத்தகையது என்பது படைவீரர் குடும்பங்களுக்குத் தெரியும். 2009 ஏப்ரல் 29 அன்று நாடாளுமன்றத்தில் அரசு 246-க்கு 267 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. அடுத்த மாதமே, நான்காண்டு பணிபுரிந்த அனைவரும் குடியேறலாம் என்று அறிவிப்பு வந்தது. இந்தப் போராட்டத்தின் முகமாக உலகம் நடிகை ஜோன்னா லம்லியை நினைவில் வைத்திருக்கிறது. அவர் நன்றிக்கு உரியவர்தான். ஆனால் அவருக்கு முன்பே பல ஆண்டுகள் வழக்கும் ஊர்வலமுமாக அலைந்தவர்கள் வயதான நேபாளிகள். சம ஓய்வூதியம் கேட்டு 2021 ஆகஸ்டில் பிரதமர் இல்லத்துக்கு எதிரே அவர்கள் 13 நாள் உண்ணாவிரதமும் இருந்தார்கள்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 2005-ல் தொடங்கிய ‘அதிகார்’ அமைப்பின் பெயருக்கு நேபாளியில் உரிமை என்று பொருள். வீட்டுவேலை செய்பவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், நகப் பராமரிப்புக் கடைகளில் நாள் முழுக்க ரசாயன நெடியில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள் என்று நேபாளி பேசும் பெண்கள் சேர்ந்த அமைப்பு அது. மற்ற நாட்டுப் பெண்களோடு கைகோத்து அவர்கள் போராடியதன் பலன், 2010-ல் நியூயார்க் மாநிலத்தின் வீட்டுவேலைத் தொழிலாளர் உரிமைச் சட்டம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட முதல் சட்டம் அதுதான். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி, ஓராண்டு வேலை பார்த்தால் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு. கேட்கச் சின்ன விஷயங்கள். அவை இல்லாமல் வேலை பார்த்தவருக்கே அவற்றின் அருமை தெரியும். 2015 நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது, அமெரிக்காவில் இருந்த நேபாளிகளைத் திருப்பி அனுப்பாமல் தற்காலிகப் பாதுகாப்பு தர வேண்டும் என்று குரல் கொடுத்ததும் இவர்களே. அந்தப் பாதுகாப்பை 2018-ல் அமெரிக்க அரசு ரத்து செய்ய முனைந்தது. மறு ஆண்டே நேபாளிகளும் ஹோண்டுராஸ் மக்களும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள்.

எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 2003-ல் உருவான வெளிநாடுவாழ் நேபாளிகள் சங்கம் நிலநடுக்கத்துக்குப் பின் கோர்க்கா மாவட்டத்தின் லாப்ராக்கில் ஒரு குடியிருப்பையே கட்டிக் கொடுத்தது. அதே சங்கம் பதவிச் சண்டையில் பிளவுபட்டு, போட்டித் தலைமைகளோடு நின்றது. காத்மாண்டுக் கட்சிகளின் கோஷ்டிகள் வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியான கதை அது. கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் வசதி படைத்த சிலர் நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள் என்பதற்காக 22 லட்சம் பேரின் வாக்குரிமையைக் கிடப்பில் போடுவது எந்த ஊர் நியாயம்? கட்சிச் சண்டை வாக்குரிமையைப் பறிக்கப் போதுமான காரணம் என்றால், நேபாளத்துக்கு உள்ளேயே ஒருவருக்கும் வாக்கு மிஞ்சாது.

சட்டமும் வசதி படைத்தவர் பக்கமே சாய்ந்திருக்கிறது. வெளிநாடுவாழ் நேபாளி என்பவர் யார் என்று 2008-ல் வந்த சட்டம் வரையறுக்கும்போது சார்க் நாடுகளில் இருப்பவர்களை விட்டுவிட்டது. அதாவது லண்டன் வியாபாரி கணக்கில் வருவார். மும்பை உணவகத்தில் பாத்திரம் கழுவும் அச்சாம், பஜாங் மாவட்டத்துக்காரர் வரமாட்டார். தமிழ்நாட்டுத் தெருக்களில் இரவில் தடியைத் தட்டி விசில் ஊதிக்கொண்டு போய், மாதம் பிறந்ததும் வாசலில் சல்யூட் வைத்து நிற்கும் கூர்க்காவும் வரமாட்டார். மேற்கு நேபாளத்தின் மிக ஏழை மாவட்டங்களிலிருந்து கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை அவர்களுடைய நாட்டின் சட்டம்.

வரி கட்டாதவருக்கு வாக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். நேபாள அரசின் வருவாயில் பெரும் பகுதி சுங்க வரியும் மதிப்புக் கூட்டு வரியும். வெளியிலிருந்து வரும் பணத்தில்தான் குடும்பங்கள் அரிசியும் சிமெண்டும் செல்போனும் வாங்குகின்றன. ஒவ்வொன்றிலும் வரி இருக்கிறது. மகன் தோஹாவில் சம்பாதித்த காசில் தாய் தாடிங் மாவட்டத்தில் வரி கட்டுகிறாள். இதற்கு மேல் என்ன வரி வேண்டும்?

கடைசியாக நடைமுறைச் சிக்கல் என்ற வாதம். வெளிநாட்டில் இருக்கும் நேபாளக் குடிமக்கள் வாக்களிக்க வழி செய்ய வேண்டும் என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டது. 2022 நவம்பர் பொதுத் தேர்தல் அந்த ஏற்பாடு இல்லாமலே நடந்து முடிந்தது. தொகுதி வாரியாக வாக்குச்சீட்டு அனுப்புவது கடினம் என்றார்கள். சரி. நேபாளப் பிரதிநிதிகள் சபையின் 275 இடங்களில் 110 இடங்கள் விகிதாசார முறையில் நிரப்பப்படுகின்றன. அதற்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி, ஒரே வாக்குச்சீட்டு. தோஹா, ரியாத், அபுதாபி, கோலாலம்பூர், சியோல் தூதரகங்களில் அந்த ஒரு சீட்டோடு தொடங்க என்ன தடை? வளைகுடாவில் முடியாது என்பதும் பொய். பிலிப்பைன்ஸ் தன் தொழிலாளர்களை 2004 முதல் அங்கேயே வாக்களிக்க வைக்கிறது. வேலை அனுமதி வாங்கிப் போன ஒவ்வொருவரின் பெயரும் மாவட்டமும் போன நாடும் நேபாள அரசின் பதிவேட்டில் இருக்கின்றன.

2025 செப்டம்பர் 4 அன்று நேபாள அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் உட்பட 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியபோது, தகப்பன் அங்கேயும் பிள்ளை இங்கேயுமாக வாழும் குடும்பங்களின் பேச்சும் அறுந்தது. செப்டம்பர் 8 அன்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கிளர்ச்சியில் 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பிரதமர் ஒலி பதவி விலகினார். அடுத்து யார் என்ற விவாதம் டிஸ்கார்ட் தளத்தில் நடந்தபோது நாட்டுக்குள் இருந்தவர்களோடு வெளிநாட்டில் இருந்த நேபாளிகளும் சேர்ந்தே பேசினார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியின் பெயர் அந்த விவாதத்திலும் முன்னுக்கு வந்தது. செப்டம்பர் 12 அன்று அவர் இடைக்காலப் பிரதமரானார். நாட்டின் நெருக்கடியில் கருத்துச் சொல்லத் தகுதியுள்ளவர்கள், தேர்தல் நாளில் மட்டும் அந்நியர்கள் ஆகிவிட முடியாது.

காத்மாண்டுவில் ஆட்சிக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், இரண்டு காரியங்களை உடனே செய்ய வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவை விகிதாசார வாக்குச்சீட்டோடாவது நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். இந்தியாவில் உழைக்கும் நேபாளிகளை ஒதுக்கும் வரையறையை நீக்க வேண்டும். நீதிமன்றம் சொன்ன நாள் 2018 மார்ச் 21. அன்று முதல் இன்றுவரை பணம் வருவது ஒரு மாதம்கூட நிற்கவில்லை.