கலைக்கூடத்தின் கதவு திறந்திருக்கிறது, நாம்தான் நுழைவதில்லை

நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை குறைந்து, சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொண்டால் வீட்டுக்குள் புழுக்கம், வெளியே வெயில். பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? பெரும்பாலான குடும்பங்கள் போவது பேரங்காடிக்குத்தான். நான்கு பேர் சாப்பிட்டுத் திரும்பினால் நூறு வெள்ளி கரைந்துவிடும்.

அதே குளிர்சாதன வசதியோடு, நம்மிடம் நுழைவுக் கட்டணம் கேட்காத இடங்களும் கோலாலம்பூரில் உண்டு. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1958-இல், துங்கு அப்துல் ரஹ்மான் தேசிய கலைக்கூடத்தைத் திறந்து வைத்தார். இன்று அது ஜாலான் தெமெர்லோவில், இஸ்தானா புடாயா அருகே இருக்கிறது. அம்பாங் பார்க் பக்கம், ஜாலான் பிஞ்சாயில் 2015-இல் திறக்கப்பட்ட இல்ஹாம் கலைக்கூடமும் இலவசம்தான். இருந்தும், வார இறுதியில் அங்கே போனால் நம் முகங்கள் குறைவாகவே தென்படுகின்றன.

ஓவியம் நமக்கு அந்நியமானதா? இல்லவே இல்லை. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காதவர் யார்? வாசலில் கோலம் போடும் அம்மாவின் விரல்களுக்குத் தெரியாத வடிவக் கணக்கா? பார்க்கும் கண் நமக்கு இருக்கிறது. கலைக்கூடம் மட்டும் படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது என்ற தயக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். ஸ்கோட் ரோடு கந்தசாமி கோயிலுக்கு எத்தனை முறை போயிருப்போம்! அதே ஜாலான் ஸ்கோட்டில், பழைய கடைவீடு ஒன்றில் வெய்-லிங் கலைக்கூடம் இயங்குகிறது. ஜொகூர் பாருவில் பிறந்த ஓவியர் ஜெ. அனுரேந்திராவின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டதுண்டு. புலம்பெயர்வு, குடும்பம், இந்நாட்டு இந்தியரின் நிலை ஆகியவைதான் அவர் ஓவியங்களின் பொருள். நம் கதை தொங்கிய சுவரைப் பார்க்காமலே நம்மில் பலர் அந்தத் தெருவைக் கடந்து போயிருக்கிறோம்.

இன்னும் உண்டு. தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற சையத் தாஜுதீன், இராமாயணக் காட்சிகளைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டியவர். பினாங்கில் பிறந்த நிர்மலா டத் 1970-களிலேயே சுற்றுச்சூழல் சீர்கேட்டைப் புகைப்படங்களோடு கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர். அவருக்கெனத் தனிக் கண்காட்சியையே இல்ஹாம் நடத்தியது.

குறை நம்மிடம் மட்டும் இல்லை. விளக்க அட்டைகள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். பால்மரம் வெட்டிய பாட்டிக்கு அவை பேசுவதில்லை. ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு அச்சிட அதிகச் செலவு ஆகாது. ஆனால் யாரும் வராத இடத்தில் யாருக்காக அச்சிடுவார்கள்? நாம் போனால்தான் கேட்க முடியும்.

இதில் பொழுதுபோக்கை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, அங்கே வாழ்ந்த தலைமுறையும் மறைந்து வருகிறது. அந்த வாழ்க்கை படமாகப் பதிவாகாவிட்டால், நாட்டின் நினைவுச் சுவரில் நமக்கு இடம் இருக்காது. அதை வரையப்போகும் பிள்ளை இன்று ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளியில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கலாம். "படம் வரைந்து சோறு போடுமா?" என்று நாம் அதட்டும் பிள்ளையும் அதுவாக இருக்கலாம்.

கிள்ளானிலிருந்து கே.டி.எம். கொம்யூட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து, எல்.ஆர்.டி. ஏறினால் அம்பாங் பார்க். அங்கிருந்து இல்ஹாம் நடக்கும் தூரம்தான். தேசிய கலைக்கூடத்துக்கு மோனோரயிலில் தித்திவங்சா போய், எம்.ஆர்.டி.யில் ஒரே நிலையம்: கோலாலம்பூர் மருத்துவமனை. புறப்படுமுன் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு சுற்றுலாவையாவது இங்கே திருப்பலாம். கோயில் இளைஞர் பிரிவுகளும் ஒரு பேருந்து ஏற்பாடு செய்யலாம். படம் புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளை எந்தப் படத்தின் முன் நிற்கிறதோ, அங்கே நாமும் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.