கருந்திரையை வாசிப்பவர் யார்?

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறி நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முடங்கிய நீலத் திரையைப் பற்றி அன்று எல்லோரும் பேசினார்கள். பழுது நீக்கிய கருப்புத் திரையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

வழக்கமான திரை எழாத நிலையில், கணினியின் மீட்புச் சூழலுக்குள் நுழைந்து, ‘சி-00000291’ என்று தொடங்கும் கோப்பைத் தேடி நீக்கவேண்டியிருந்தது. பல இடங்களில் கட்டளை வரியில் தட்டச்சு செய்த ஒற்றை வரி அந்த வேலையைச் செய்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதற்கு முன் 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் உள்ளிட வேண்டும். அதுவும் ஒவ்வொரு கணினியாக!

பழைய டாஸ் காலத்துக்கு ஏங்குபவன் அல்லன் நான். 1984இல் மெக்கின்டோஷும் 1995இல் விண்டோஸ் 95உம் வந்திராவிட்டால், கணினி இவ்வளவு வீடுகளுக்குள் நுழைந்திராது. படங்களைச் சொடுக்கி இயக்கும் வரைகலை இடைமுகம் ஒரு மாபெரும் ஜனநாயகப்படுத்தல்தான். ஆயினும் கட்டளை வரி எங்கும் போய்விடவில்லை. உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. விண்டோஸைத் தந்த மைக்ரோசாஃப்டே 2016இல் லினக்ஸின் கட்டளைச் சூழலைத் தன் இயங்குதளத்துக்குள் குடியேற்றிக்கொண்டது.

இதற்குக் காரணம் பழக்கம் மட்டுமன்று. திரையில் காட்டப்படுவனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டுமே சுட்டி நம்மை அனுமதிக்கிறது. கட்டளையோ ஒரு வாக்கியம். ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் புதியதொரு வேலையைச் சொல்லலாம். ஒரு கட்டளையின் விளைவை அடுத்ததன் உள்ளீடாக்கும் ‘பைப்’ என்னும் வசதி 1973லேயே யுனிக்ஸில் வந்துவிட்டது. பத்தாயிரம் கோப்புகளுக்குப் பெயர் மாற்ற வேண்டிய எழுத்தரைச் சுட்டியோடு உட்காரவைத்தால் வாரக்கணக்கில் ஆகும். கட்டளைக்கு ஒரு வரி போதும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த வரியை எழுதி வைக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், நேற்று என்ன செய்யப்பட்டது என்று பின்னர் தணிக்கை செய்யலாம். சொடுக்குகள் பெரும்பாலும் காற்றில் கரைந்துவிடுகின்றன.

இப்போது இந்தப் பழைய சாளரத்தின் முன் ஒரு புதிய ஆள் வந்து அமர்ந்திருக்கிறார். 2025இல் ஆந்த்ரோபிக்கின் கிளாட் கோட், ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ், கூகுளின் ஜெமினி சிஎல்ஐ எனச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வரிசையாகக் கட்டளை வரிக்கே வந்து சேர்ந்தன. உரையால் ஆன உலகம் மொழி மாதிரிகளுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. தமிழில் ஒரு வேலையைச் சொன்னால்கூட, அவை அதைக் கட்டளைகளாக மாற்றி, ‘இதை இயக்கலாமா?’ என்று அனுமதி கேட்கின்றன.

என் கவலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ‘ஆர்எம்’ என்ற இரண்டெழுத்துக் கட்டளை கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பாது, அழித்தேவிடும். கூடவே ஓரிரு எழுத்துகளைச் சேர்த்தால், கோப்புறை முழுவதும் எச்சரிக்கையின்றிப் போய்விடும். வரியை வாசிக்கத் தெரியாதவர் தரும் சம்மதம், படிக்காமல் போட்ட கையெழுத்துக்குச் சமம். மருத்துவமனைப் பதிவேடுகளும் நில ஆவணங்களும் சேவையகங்களில் இருக்கும் காலத்தில் அந்தக் கையெழுத்தின் விலை சிறியதன்று.

‘ஆங்கிலம் தெரியாத மாணவர்களுக்கு இது எட்டாது’ என்பார்கள். ‘கிரெப்’ என்ற கட்டளை எந்த ஆங்கிலக் குழந்தைக்கும் தாய்மொழியன்று. ‘ஆக்’ என்பது அதை எழுதிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகள். இவற்றை எல்லோரும் புதிதாகவே கற்கிறார்கள். தமிழுக்கு உள்ள உண்மையான இடர் வேறு. எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற ஏற்பாட்டில் பிறந்த முனையத் திரையில், ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் அடிக்கடி சிதறிப்போகின்றன. தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் எழுத்துருவுக்குத் தந்த கவனத்தில் ஒரு பங்கை இதற்கும் தரலாம்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. அதாவது, முழுமையான ஒரு கட்டளைச் சாளரம் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்கு அன்றே வந்துவிட்டது. அதைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுப்பதே மிச்சம். மேல்நிலைக் கணினி அறிவியல் செய்முறைத் தேர்வில் பத்துக் கட்டளைகளை மாணவரிடம் கொடுத்து, இவற்றுள் எதற்கு அனுமதி மறுப்பாய், ஏன் என்று கேட்கலாம். அதற்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. பத்தாண்டுப் பழைய கணினியும் போதும்.