கணினியும் மின்சாரமும்

கைத்தறிக்குப் பேர்பெற்ற சுந்தரபாண்டியத்திலும் இன்று தறியோடு கணினியும் வீட்டுப் பொருளாகி வருகிறது. 2011-ம் வருஷம் சர்க்கார் மாணவர்களுக்கு மடிக்கணினிகளை விலையின்றி வழங்கத் தொடங்கினார்கள். மறு வருஷமே சென்னை நீங்கலான ஜில்லாக்கள் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டால் வாடின. அக்கொடுமை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆயினும் மின்சாரம் வருவது வேறு, செவ்வையாக வருவது வேறு.

வீட்டிற்கு வரவேண்டியது 230 வோல்ட். தெருக்கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் சில வீடுகளில் அது 400 வோல்ட்டை நெருங்கும். கணினி க்ஷணத்தில் கருகிவிடும். சாதாரண மின்னெழுச்சித் தடுப்பான் கணநேர எழுச்சியை மட்டுமே தாங்கும். நீடித்த மிகையழுத்தத்திற்கு மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் கருவி வேண்டும். மின்சாரம் நின்றால், செய்த வேலையைச் சேமித்துக்கொள்ள யூ.பி.எஸ். அவகாசமளிக்கும். சரியான எர்த் இல்லாத வீட்டிலோ தடுப்பானின் பலன் குன்றும். இடிமழைக்கு மேகம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுவது உத்தமம்.

எர்த்தைச் செம்மையாக வைத்திருப்பது குடும்பஸ்தரின் கடமை. நியூட்ரல் இணைப்புகளைப் பரிசோதித்துக் காப்பதோ மின்வாரியத்தாரின் கடமை. அதை எந்தக் குடும்பஸ்தரும் கம்பமேறிச் செய்ய இயலாது. பிள்ளையின் படிப்புக்கென்று நெசவாளி கடன்பட்டு வாங்கிய யந்திரம் பிறர் அசிரத்தையால் எரியுமாயின், அந்நஷ்டத்தை அவர் தலையில் சுமத்துவது எவ்வகையிலும் நியாயமாகாது. ஐப்பசி மழைக்கு முன்னரே கம்பந்தோறும் இச்சோதனை நடைபெற வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.