வானில் அரைமணி போதுமா?

திருப்பதி விமான நிலையத்துக்கும் வேலூர் அப்துல்லாபுரம் விமானத் திடலுக்கும் ஆகாய மார்க்கத் தூரம் சுமார் 95 கிலோமீட்டர். சிறிய விமானம் அரைமணியில் கடந்துவிடும். ஆனால் வேலூர் போக விரும்பும் சந்திரகிரித் தொழிலாளி, விமானம் ஏற எதிர்த்திசையில் சுமார் 25 கிலோமீட்டர் கிழக்கே ரேணிகுண்டா செல்ல வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்கவும் வேண்டும். பிறகு மிச்சமாகும் நேரம் எங்கே?

அவருக்கு உகந்தது ஊர் வழியே ஓடும் ரயில்தான். ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்க நேரிடுகிறது. திருப்பதி–பாகாலா–காட்பாடி 104 கிலோமீட்டர் பாதையைச் சுமார் 1,332 கோடி ரூபாயில் இரட்டையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அனுமதி அளித்தது. பணியைத் தாமதமின்றி முடிக்க வேண்டும். வேலை நேரத்துக்கு ஏற்ற வண்டிகள் சந்திரகிரியில் நிற்கவும் வேண்டும். ஒரு நாள் கூலியை இழக்காமல் தொழிலாளி ஊர் போய் வர வழி செய்வது ரயில்வேயின் கடமையாகும்.