கலவாமல் காத்த காப்பி

பனாமா நாட்டின் மேற்குப் பகுதியில், பாரு எரிமலையின் சாரலில் உள்ள போக்கெத்தே என்னும் ஊரில், எஸ்மெரால்டா என்ற தோட்டம் பீட்டர்சன் குடும்பத்தாரின் பராமரிப்பில் இருந்துவருவதையும், அதன் கெய்ஷா காப்பி உலகப் பிரசித்தி பெற்றிருப்பதையும் நம் வாசகர்களில் அறியாதார் அரியர். ஆயினும், அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏலத்தில் கிடைத்த விலையோடு பேச்சு நின்றுவிடுகிறது. விலையைக் காட்டிலும் நமக்கு உபயோகமான விஷயம் ஒன்று அந்தச் சரித்திரத்தில் இருக்கிறது.

1930களில் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில் சேகரிக்கப்பட்ட கெய்ஷா விதை, தாங்கனீக்காவின் லியாமுங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ந்து, 1953-இல் கோஸ்டா ரிக்காவின் துரியால்பாவை அடைந்து, நோயைத் தாங்கும் ஜாதி என்ற சிபாரிசின் பேரில் 1960களில் பனாமாவுக்குள் வந்தது. கிளை எளிதில் முறியும், மகசூலோ சொற்பம் என்று கண்ட விவசாயிகள் அதை ஆதரிக்கவில்லை. நின்ற மரங்களின் பழமும் பிற ஜாதிகளின் பழத்தோடு ஒரே குவியலாகவே சென்றது. சுமார் நாற்பது ஆண்டுகள் அதன் பரிமளம் வெளிப்படாமலிருந்ததற்கு அது தாழ்ந்த இடங்களில் நடப்பட்டது ஒரு காரணமாயின், இந்தக் கலப்பு அதனினும் பெரிய காரணம் என்பது எம் துணிபு.

எஸ்மெரால்டாவை 1967-இல் வாங்கியவர் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைவராயிருந்த ருடால்ஃப் பீட்டர்சன். நரம்பு ரசாயனம் கற்ற அவர் புதல்வர் பிரைஸ், 1970களில் குடும்பத்தோடு அங்கே குடியேறி, முதலில் பால்பண்ணையிலும் பின்னர் காப்பியிலும் கருத்தைச் செலுத்தினார். 1990களின் பின்பாதியில் ஹராமிய்யோ என்னும் உயர்ந்த சரிவு அவர்கள் வசமாயிற்று. இலைப்புள்ளி நோய் சூழ்ந்திருந்த அந்நிலத்தில் சில கெய்ஷா மரங்கள் மட்டும் நோயைத் தாங்கி நிற்பதைக் கண்டு, அந்த ஜாதியையே மேலும் உயரமான பாத்திகளிலும் நட்டார்கள். பிறகு, பிரைஸின் மகன் டேனியல், தோட்டம் முழுவதன் விளைச்சலையும் ஒன்றாக ருசிப்பதை விடுத்து, ஒவ்வொரு பகுதியின் பழத்தையும் தனியே பறித்து, தனியே உலர்த்தி, தனியே வறுத்து, கோப்பை கோப்பையாகப் பரீட்சித்தபோதுதான், ஒரு பகுதியின் காப்பியில் மட்டும் மல்லிகையின் மணமும் நாரத்தைத் தோலின் வாசனையும் எழுந்தன. 2004-ஆம் ஆண்டுப் பனாமா போட்டியில் அது முதலிடம் பெற்று, பொதுச் சந்தையில் காப்பி பவுண்டுக்கு ஒரு டாலரை எட்டத் திணறிய காலத்தில், ஏலத்தில் 21 டாலருக்குப் போயிற்று; 2007-இல் 130 டாலர்.

நிலமும் ஆலையும் ருசிபார்க்கும் மேஜையும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தமையால், நாக்கு அறிந்தது அடுத்த பருவத்திலேயே மலைச்சரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டிலோ அந்த வழியே நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி விவசாயிகள் விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்து, தரத்துக்குரிய பணத்தைத் தவணை தவணையாகப் பெற்றார்கள். விலை வீழ்ந்த ஆண்டுகளில் அது பலருக்குக் காப்பாயிருந்ததை மறுப்பது நன்றியன்று. ஆனால் சேர்வராயன் மலையின் ஒரு சரிவுக்கும் மறு சரிவுக்கும் உள்ள பேதம் அங்கே அழிந்தது. 1990களின் நடுவில் தொகுப்புமுறை நீங்கிய பின்பும், அவுட்டர்னும் (தோல் நீக்கியபின் தேறும் கொட்டையின் அளவு) ஈரப்பதமும் பார்த்து விலை பேசும் வழக்கம் நீங்கவில்லை.

தனியே வைப்பதற்குச் செலவு உண்டு. பழத்தோலை உரிக்கும் பல்பரை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும்; களத்தில் இடம் ஒதுக்க வேண்டும்; ஆள் வேண்டும். வங்கித் தலைவரின் குடும்பம் தாங்கிய சுமையைச் சில ஏக்கர் வைத்திருக்கும் பழனி மலைச் சிறு விவசாயி தாங்க வேண்டுமென்று சொல்வது நியாயமாகாது. ஆகையால், க்யூரிங் ஆலைகளையும் வறுப்போரையும் ருசிப் பரீட்சகர்களையும் நோக்கியே எம் வேண்டுகோளை வைக்கிறோம். வரும் பருவத்தில், குவியலில் சேர்க்குமுன் ஒவ்வொரு சரிவின் பார்ச்மென்ட்டிலும் (உள்தோல் நீங்காத கொட்டையிலும்) ஒரு கிலோவை எடுத்து, உயரம், ஜாதி, பறித்த தேதி ஆகியவற்றை எழுதி ஒதுக்கிவைக்குமாறு விவசாயிகளைக் கேளுங்கள். கைம்மாறு கருதாது அதை வறுத்து ருசித்து, முடிவு நல்லதாயினும் அல்லாததாயினும், அடுத்த பூ மலருமுன் அவர்களுக்கு எழுதியனுப்புங்கள்.