குறைப்பதற்கும் வாக்கெடுப்பு வேண்டும்



மத்திய பட்ஜெட்டில் ஒரு துறைக்குக் கூடுதல் பணம் வேண்டுமென்றால், அரசு துணை மானியக் கோரிக்கையோடு நாடாளுமன்றத்துக்கு வந்தாக வேண்டும். ஆனால் சுகாதாரத்துக்கோ சமூகநலத்துக்கோ ஒதுக்கியதை ஆண்டின் நடுவில் குறைக்க எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை. திருத்திய மதிப்பீட்டில் தொகை சுருங்கிவிடும், அவ்வளவுதான். செலவாகாமல் நின்ற தொகை 100 கோடி ரூபாயைத் தாண்டினால் பொதுக் கணக்குக் குழுவுக்கு விளக்கம் தர வேண்டும், உண்மை. அதற்குள் ஆண்டே முடிந்திருக்கும்; நோயாளிக்குப் போக வேண்டிய மருந்து போகாமலேயே இருந்திருக்கும்.

ஒதுக்கும்போதாவது விவாதம் நடக்கிறதா? 2023 மார்ச்சில், அமளிக்கிடையே, எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும் மக்களவை விவாதமின்றி நிறைவேற்றியது. இதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு.

நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் உழைக்கின்றன, ஆனால் அவற்றின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. 80 வயதுக்குட்பட்ட ஏழை முதியோருக்கான ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2007 முதல் மாதம் 200 ரூபாய்தான். உயர்த்தச் சொல்லி ஊரக வளர்ச்சி நிலைக்குழு பலமுறை எழுதிவிட்டது. விலைவாசி இப்படி ஏறும்போது உயர்த்தாமல் விடுவதும் வெட்டுதான். தமிழ்நாட்டில் முதியோர் கைக்கு 1,200 ரூபாய் வருகிறதென்றால், மீதியை மாநிலம் போடுகிறது.

மருத்துவம், ஓய்வூதியம், சத்துணவு இவற்றில் எந்தக் குறைப்பும் முதலில் நிலைக்குழுவுக்குக் காரணத்தோடு போக வேண்டும், பிறகு மக்களவையில் வாக்கெடுப்புக்கு வர வேண்டும். நம் உறுப்பினர்கள், எந்தக் கட்சியினரானாலும், அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கொரு தனிநபர் மசோதா கொண்டுவரட்டும்.

– ஒரு வாசகர், மதுரை